திரையில் தெரியாத தாகம்

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு திரை உண்டு. நாடித் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும், ரத்தத்தில் கலந்துள்ள பிராணவாயுவின் விகிதத்தையும், சுவாசத்தின் எண்ணிக்கையையும் வண்ணக் கோடுகளாகவும் எண்களாகவும் இரவு பகல் ஓயாமல் எழுதிக்கொண்டிருக்கும் அந்தத் திரை, நோயாளியின் உடலில் நிகழும் மாறுதல் எதுவாயினும் அதை அக்கணமே அறிவித்துவிடும் என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஆனால் அங்கே படுத்திருப்பவரை வாட்டுவது எது என்று அவரையே கேட்டுப் பார்த்தபோது கிடைத்த விடைகளில் முதன்மையான சிலவற்றுக்கு அந்தத் திரையில் ஒரு கோடும் இல்லை. சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் செவிலியர் துறைப் பேராசிரியராக இருந்த காத்லீன் புன்டில்லோவும் அவருடைய சகாக்களும், பிழைப்பது சந்தேகம் என்று கருதப்பட்ட 171 நோயாளிகளைத் தேர்ந்து, தலையசைத்தோ விரலைக் காட்டியோ பதில் சொல்லக் கூடிய வேளைகளில் ஒவ்வோர் உபாதையாகச் சொல்லிக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். 2010-இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, நோயாளிகள் சொன்னவற்றில் களைப்பு முதலிடம் பெற்றது. அதற்கு அடுத்தபடியாக, கேட்ட தடவைகளில் நூற்றுக்கு 71 தடவை, அவர்கள் சொன்னது தாகம் என்பதே.

நாளத்தின் வழியாகத் திரவம் இறங்கிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் தாகத்தால் தவிப்பது எப்படி என்று கேட்கலாம். மூச்சுக்குழலுக்குள் செலுத்திய குழாய் வாயை மூடவிடாமல் வைத்திருப்பதால் நாவும் உதடுகளும் உலர்ந்து வெடிக்கின்றன. நுரையீரலில் தேங்கிய நீரை வடிப்பதற்காகக் கொடுக்கும் மருந்து உடம்பிலுள்ள நீரைச் சிறுநீராக வெளியேற்றிவிடுகிறது. வலிக்காகக் கொடுக்கும் மருந்துகள் உமிழ்நீர் சுரப்பதைக் குறைக்கின்றன. புரையேறி நுரையீரலுக்குள் போய்விடுமோ என்ற நியாயமான அச்சத்தால் ஒரு மிடறு தண்ணீரும் மறுக்கப்படுகிறது. புன்டில்லோ குழுவினர் இதற்குப் பரிகாரம் தேடி, 252 நோயாளிகளிடம் முறைப்படி ஒரு பரிசோதனை நடத்தினார்கள். குளிர்ந்த சுத்த நீரை வாய்க்குள் தெளிப்பது, அதே நீரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் வாயைத் துடைப்பது, உதடுகளுக்கு மென்தால் கலந்த களிம்பு பூசுவது, இவ்வளவுதான் சிகிச்சை. பூஜ்யம் முதல் பத்து வரையுள்ள அளவுகோலில் தாகத்தின் கடுமை இதனால் 2.3 புள்ளி இறங்கிற்று. வழக்கமான பராமரிப்பை மட்டும் பெற்றவர்களுக்கு 0.6 புள்ளியே இறங்கிற்று. அந்தக் கட்டுரை வெளிவந்தது 2014-இல். தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற ஏற்பாடு தோன்றி அறுபது ஆண்டுகள் கழிந்த பிறகுதான் வாய் உலர்வதற்கு வைத்தியம் உண்டா என்று இவ்வாறு முறையாக ஆராய்ந்தார்கள் என்பதை நினைக்கும்போது, நாம் எதை விஞ்ஞானத்துக்கு உரிய விஷயமாகக் கருதினோம், எதைக் கருதாமல் விட்டோம் என்பது விளங்குகிறது.

நோயின் மூலத்தைத் தேடி நடக்கும் சிகிச்சையோடு கூடவே, அந்த நோயாலும் அந்தச் சிகிச்சையாலும் விளையும் துன்பத்தையும் தனியே கவனித்து, அளந்து, நிவர்த்திக்கும் இந்த வைத்தியத்தைத்தான் ஆதரவு சிகிச்சை என்கிறார்கள். டாக்டர்கள் தமக்குள் பாலியேட்டிவ் கேர் என்று சொல்லிக்கொள்வார்கள். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று எல்லோரும் கையை விரித்த பிறகு ஆரம்பிக்க வேண்டியது இது என்ற எண்ணம் ஜனங்களிடம் மட்டுமன்றி வைத்தியர்கள் பலரிடமும் வேரூன்றியிருக்கிறது. மேலே சொன்ன பரிசோதனையில் நீர் தெளிக்கப்பட்டவர்களில் பிழைத்து வீடு திரும்பியவர்களும் உண்டு. அவர்களுடைய தாகம் மற்றவர்களுடைய தாகத்தைவிடக் குறைந்ததாக இருந்திருக்க நியாயமில்லை.

இந்த எண்ணம் எங்ஙனம் வேரூன்றிற்று என்று அறிய, தீவிர சிகிச்சைப் பிரிவு பிறந்த கதைக்குச் சற்றுத் திரும்ப வேண்டும். 1952-ஆம் வருஷத்துக் கோடையில் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கொள்ளைநோயாகப் பரவியபோது, பிளெக்டம் ஆஸ்பத்திரியில் சுவாசத் தசைகள் செயலிழந்து, அக்காலத்து இயந்திரங்களில் வைக்கப்பட்ட முதல் 31 பேரில் 27 பேர் மாண்டார்கள். மயக்க மருந்து நிபுணரான பியோர்ன் இப்சென் அங்கே வரவழைக்கப்பட்டார். ஆகஸ்டு 27-ஆம் தேதி, மூச்சுத் திணறிக்கொண்டிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, அதன் மறுமுனையில் இணைத்த ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கி அவளுடைய நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தலாம் என்று அவர் காட்டியது முதல் நிலைமை மாறிற்று. ஒரே சமயத்தில் எழுபது நோயாளிகளுக்கு இப்படிச் செய்ய வேண்டியிருந்தபடியால், சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில், கட்டிலருகே உட்கார்ந்து பையை அமுக்கினார்கள். மறு வருஷம் டிசம்பரில் இப்சென் அந்நகரத்து நகராண்மை ஆஸ்பத்திரியில் தொடங்கிய பிரிவையே உலகத்தின் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவு என்று சரித்திரக்காரர்கள் பலர் குறிப்பிடுகிறார்கள்.

அந்த மாணவர்கள் சுவாசத்தை மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கவில்லை. பேச முடியாத குழந்தைகளின் முகக்குறிப்பை அறிந்து அமுக்கும் வேகத்தைக் கூட்டிக் குறைத்தார்கள், கதை வாசித்துக் காட்டினார்கள். பின்னர் அவர்களுடைய கைகளின் வேலையை வென்டிலேட்டர் ஏற்றுக்கொண்டது. அதனால் விளைந்த நன்மைக்குக் கணக்கில்லை. தூங்கி வழியும் மாணவனைவிட இயந்திரம் நம்பகமானது என்பதையும் நான் மறுக்கவில்லை. எனினும், நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது என்பது முதலில் சிகிச்சையின் பிரிக்க முடியாத பகுதியாக இருந்து, இயந்திரம் வந்தபின் நேரமிருந்தால் செய்யலாம் என்ற தயவாகச் சுருங்கிற்று.

ஏறக்குறைய அதே காலத்தில், வேறொரு தேசத்தில், மருத்துவத்தின் எதிர்க்கோடியிலிருந்து ஒருவர் புறப்பட்டார். செவிலியாகவும், பின்பு ஆஸ்பத்திரி சமூக சேவகியாகவும் வேலை பார்த்துவிட்டு, சாகக் கிடப்பவர்களின் வலியைப் போக்க வேண்டுமென்றே மருத்துவம் படித்து டாக்டரான சிசிலி சாண்டர்ஸ், லண்டனில் புனித ஜோசப் இல்லத்தில் புற்றுநோயாளிகளைக் கவனித்து வந்தார். வலி வந்து நோயாளி கெஞ்சிய பிறகு மார்பீன் கொடுப்பது என்ற அக்கால வழக்கத்தை விட்டு, வலி திரும்பும் முன்னரே, கடிகாரத்தைப் பார்த்து வேளாவேளைக்கு அதை வாய்வழியே கொடுத்தால் குறைந்த அளவே போதும் என்பதையும், நோயாளி தெளிவாகவும் இருப்பார் என்பதையும் அவர் நிரூபித்தார். உடல் வலியோடு மனத்தின் கலக்கமும், குடும்பத்தைப் பற்றிய கவலையும், வாழ்வுக்கு அர்த்தம் தேடும் ஏக்கமும் பின்னிப் பிணைந்து ஒரே வேதனையாக இருப்பதை எடுத்துக்காட்டியவரும் அவரே. 1967-இல் லண்டனின் சைடன்ஹாம் பகுதியில் அவர் திறந்த புனித கிறிஸ்தோபர் ஹாஸ்பிஸ் இத்துறைக்குத் தாய்வீடு. ஆனால் சாவைத் தடுப்பதற்கென்று ஒரு கட்டடமும் சாவை ஏற்பதற்கென்று இன்னொரு கட்டடமும் என்று இரண்டும் ஊரின் இரு மூலைகளில் நின்றபடியால், ஒன்றில் கற்ற வித்தை மற்றொன்றுக்குப் போய்ச் சேர நெடுங்காலம் ஆயிற்று.

அந்தத் தூரத்தை முதலில் அளந்து காட்டியது, 1995-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்த ஒரு பெரிய ஆராய்ச்சி. ஐந்து போதனா ஆஸ்பத்திரிகளில், கடும் நோயுற்றிருந்த 9,105 பேரை அது தொடர்ந்து கவனித்தது. இறந்தவர்களில் நினைவோடிருந்தவர்களுடைய உறவினர்களை விசாரித்தபோது, அந்த நோயாளிகளில் பாதிப் பேர் கடைசி நாட்களின் பெரும் பொழுதைக் கணிசமான வலியோடு கழித்ததாகத் தெரிந்தது. இதயம் நின்றால் நெஞ்சை அமுக்கிப் பிழைக்க வைக்க முயல வேண்டாம் என்று விரும்பிய நோயாளிகளின் விருப்பம் அவர்களுடைய டாக்டர்களில் பாதிப் பேருக்குக்கூடத் தெரிந்திருக்கவில்லை. இவற்றைச் சீர்திருத்தவென்று, பயிற்சி பெற்ற செவிலியர்களை நியமித்து, நோயாளி பிழைக்கும் வாய்ப்பைக் கணித்து டாக்டருக்கு எழுத்தில் கொடுத்து, குடும்பத்தின் விருப்பத்தையும் தெரிவித்து வந்தார்கள். பலன் ஏதும் விளையவில்லை. வலியும் குறையவில்லை, வழக்கமும் மாறவில்லை. விவரம் தெரியாததுதான் குறை என்று நம்பியவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம்.

அப்புறம் ஆராய்ச்சி சிறு சிறு விஷயங்களை நோக்கித் திரும்பியதே நல்லதாயிற்று. வலி என்பது நோயாளி வாய்விட்டுச் சொல்லித்தான் பிறருக்குத் தெரிய வேண்டியது. தொண்டையில் குழாயும் உடலில் மயக்க மருந்தும் உள்ளவர் எப்படிச் சொல்வார்? கியூபெக் மாகாணத்துச் செவிலியர் ஆய்வாளரான செலின் ஜெலினா 2006-இல் வெளியிட்ட அளவுகோல் இதற்கு ஒரு வழி காட்டிற்று. முகம் சுளிப்பது, உடல் அசைவது, கையை மடக்கி நீட்டும்போது தசை விறைப்பது, வென்டிலேட்டரோடு ஒத்துப்போகாமல் இருமித் திணறுவது என்ற நான்கினுக்கும் தலா இரண்டு மதிப்பெண் வரையில் இட்டுக் கூட்டினால், எட்டுக்கு மூன்றோ அதற்கு மேலோ வருமாயின் வலி இருப்பதாகக் கொள்ளலாம். இப்படிப்பட்ட கண்காணிப்பினால் எதிர்பாராத செய்திகள் வெளிவந்தன. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளை வைத்துப் புன்டில்லோ முன்பு நடத்திய ஆய்வொன்றில், வயது வந்தவர்களுக்கு மிகுந்த வலி தந்தது படுக்கையில் புரட்டிப் படுக்க வைப்பது என்று தெரிந்தது. படுக்கைப் புண் வராமல் காப்பதற்காகச் சில மணி நேரத்துக்கு ஒரு முறை செய்கிற, மிகச் சாதாரணமான காரியம் அது. ஊசி குத்தும்போது வலிக்குமே என்று இரக்கப்படும் நாம், புரட்டுவதற்குச் சற்று முன்பாக ஒரு வேளை வலி மருந்து கொடுக்கலாம் என்று யோசித்ததே இல்லை.

மூச்சு முட்டும் உணர்வு இதைவிடக் கொடியது. புன்டில்லோவின் 2010-ஆம் வருஷத்து ஆய்வில், ஆளானவர்கள் குறைவாயினும், ஆளானவர்களை மிகுதியாக வருத்திய உபாதை அதுவே. பாரிஸில் செயற்கைச் சுவாசத்தில் இருந்த 96 பேரை விசாரித்த பிரெஞ்சு ஆய்வொன்று, அவர்களில் 47 சதவீதத்தினர் மூச்சுத் திணறுவதாகச் சொன்னதை 2011-இல் தெரிவித்தது. இயந்திரம் காற்றைச் செலுத்திக்கொண்டிருக்கிறது, ரத்தத்தில் பிராணவாயுவும் போதிய அளவு இருக்கிறது; பிறகு ஏன் திணறல்? மூளையின் அடித்தண்டிலுள்ள சுவாச மையம் தசைகளுக்குக் கட்டளை அனுப்பும்போதே அதன் பிரதி ஒன்றை மூளையின் மேற்பகுதிக்கும் அனுப்புகிறது. நுரையீரல் விரிந்தவுடன் அங்குள்ள நரம்புகள் அதை உடனே அறிவிக்கின்றன. கேட்ட அளவுக்கு நுரையீரல் விரிந்ததாகச் செய்தி வராவிட்டால், இடைவெளியை மூளை காற்றுப் பசியாக உணர்கிறது. இங்கே ஒரு விசித்திரமான சங்கடம் உண்டு. கடுமையாகச் சேதமுற்ற நுரையீரலுக்குள், உடல் எடைக் கணக்கில் கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் காற்றைச் செலுத்தும் பழைய வழக்கத்துக்குப் பதிலாக 6 மில்லிலிட்டர் மட்டுமே செலுத்தினால் இறப்பு விகிதம் 40 சதவீதத்திலிருந்து 31 சதவீதத்துக்கு இறங்குகிறது என்று 2000-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பரிசோதனை ஒன்று காட்டியது. இன்று உலகமெங்கும் அதுவே விதி. உயிரைக் காப்பாற்றும் அந்தச் சிறிய மூச்சுதான், விரிவு போதவில்லை என்று மூளையை முறையிட வைப்பதும். ஆகையால் சிகிச்சையை மாற்றாமலே அது தரும் துன்பத்தை மாற்றுவது எப்படி என்ற கேள்வி எழுகிறது. பிழைக்கக் கூடிய நோயாளியின் கட்டிலருகில்தான் ஆதரவு சிகிச்சையின் அறிவு அதிகமாகத் தேவைப்படுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

விடையின் ஒரு பகுதி ஓபியத்தின் வழிவந்த மருந்துகளிடம் இருக்கிறது. மார்பீனும் ஃபென்டனிலும் வலியைத் தணிப்பதோடு, சுவாச மையத்தின் அவசரத்தைக் குறைத்து, காற்றுப் பசியை மூளை உணரும் தீவிரத்தையும் தாழ்த்துகின்றன. சிறுநீரகம் பழுதானவருக்கு மார்பீன் கொடுத்தால், கல்லீரல் அதை மாற்றி உண்டாக்கும் பொருள்கள் வெளியேறாமல் தேங்கி மயக்கத்தையும் தசைத் துடிப்பையும் விளைவிக்கும். அவருக்கு ஃபென்டனில் ஏற்றது. இம்மருந்துகளைக் கண்டு டாக்டர்களும் உறவினரும் அஞ்சுவது, மூச்சை அடக்கிச் சாவை விரைவுபடுத்திவிடும் என்பதற்காகவே. சியாட்டில் நகரத்து ஹார்பர்வியூ ஆஸ்பத்திரியில், செயற்கைச் சுவாசம் நிறுத்தப்பட்டு இறந்த 75 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டவர்கள், மருந்தின் அளவு கூடியதால் இறப்பு விரைந்ததற்கான அறிகுறி எதையும் காணவில்லை. துன்பத்தின் அளவைக் கண்டு அதற்கேற்பச் சிறுகச் சிறுக ஏற்றுகிற மருந்து, எண்ணிப் பாராமல் ஒரே தடவையில் செலுத்துகிற மருந்தாகாது.

வேதனையின் மறுபாதி கதவுக்கு வெளியே நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறது. பேச முடியாத நோயாளிக்காகத் தீர்மானிக்க வேண்டியவர்கள் உறவினர்களே. அவர்களோடு டாக்டர்கள் நடத்தும் சம்பாஷணை எப்படி அமைந்திருக்கிறது என்று அறிய, சியாட்டிலில் ராண்டல் கர்டிஸும் அவருடைய குழுவினரும் அனுமதி பெற்று 51 சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார்கள். பேசிய நேரத்தில் 71 சதவீதம் மருத்துவர்களுடையதாக இருந்தது. குடும்பத்தினர் எத்தனைக்கெத்தனை அதிகம் பேசினார்களோ அத்தனைக்கத்தனை மனநிறைவு பெற்றார்கள். இதை ஆதாரமாகக் கொண்டு பிரான்சில் எலி அசூலேயின் குழுவினர் 22 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஒரு பரிசோதனை செய்து 2007-இல் வெளியிட்டார்கள். நோயாளி இறக்கும் தறுவாயில் இருக்கும்போது, குடும்பத்தார் சொல்வதை மதித்து, அவர்களுடைய உணர்ச்சிகளை ஒப்புக்கொண்டு, செவிமடுத்து, நோயாளி எப்படிப்பட்ட மனிதர் என்று கேட்டறிந்து, கேள்விகளை வரவேற்று நடத்தும் ஒரு சந்திப்பும், துக்கத்தைப் பற்றிய ஒரு சிறு பிரசுரமும் பாதிக் குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்டன. வழக்கமான சந்திப்பு இருபது நிமிஷம், இது முப்பது. வழக்கமானதில் குடும்பம் பேசியது ஐந்து நிமிஷம், இதில் பதினான்கு. மூன்று மாதம் கழித்துத் தொலைபேசியில் விசாரித்தபோது, பழைய அதிர்ச்சி திரும்பத் திரும்ப வந்து அலைக்கழிக்கும் அறிகுறிகள் வழக்கமான குழுவில் 69 சதவீதத்தினரிடமும், புதிய குழுவில் 45 சதவீதத்தினரிடமும் காணப்பட்டன. மேலும் பத்து நிமிஷம் செலவிட்டதற்கு இது சிறிய பலனா? இந்த ஆராய்ச்சிகளுக்கு வழிகோலிய கர்டிஸ், 2021-இல் தமக்கே தசை இயக்கும் நரம்புகள் அழியும் ஏ.எல்.எஸ். நோய் இருப்பது தெரிந்த பின்னரும் இத்துறையிலேயே உழைத்து, 2023 பிப்ரவரியில் காலமானார்.

ஆனால் எல்லாப் பேச்சும் மருந்தாகிவிடும் என்று நினைப்பதும் பிழை. ஒரு வாரத்துக்கு மேலாக வென்டிலேட்டரில் இருந்த 256 பேரின் குடும்பங்களை எடுத்துக்கொண்டு, ஆதரவு சிகிச்சை நிபுணர்களைக் கொண்டே சந்திப்புகள் நடத்திய அமெரிக்கப் பரிசோதனையொன்றின் முடிவு 2016-இல் வந்தது. குடும்பத்தாரின் பதற்றமும் மனச்சோர்வும் சிறிதும் குறையவில்லை. அதிர்ச்சியின் அறிகுறிகள் சற்றுக் கூடியிருந்தன. நிபுணர்கள் திறமையற்றவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. தினந்தோறும் கட்டிலருகே நிற்கும் டாக்டர் சொல்ல வேண்டிய செய்தியை, முன்பின் அறியாத ஒருவர் வந்து சொல்லும்போது அது அபசகுனமாகக் காதில் விழுவது இயல்பே என்பது என் அபிப்பிராயம். அடிப்படையான ஆதரவு சிகிச்சையைத் தீவிர சிகிச்சை டாக்டரும் செவிலியருமே கற்றுக்கொள்வதும், அவர்களுக்கு எட்டாத சிக்கல்களுக்கு மட்டும் நிபுணரை அழைப்பதும்தான் பொருத்தமாகப் படுகிறது.

அப்படிக் கற்றுக்கொள்ளத் தக்க முறைகளில் ஒன்று, கால வரையறையோடு சிகிச்சையைத் தொடங்குவது. பிழைப்பாரா மாட்டாரா என்று யாராலும் சொல்ல முடியாத நிலையில், "எல்லாம் செய்யுங்கள்" என்பதற்கும் "எதுவும் வேண்டாம்" என்பதற்கும் இடையே குடும்பத்தைத் திண்டாட விடாமல், இன்ன சிகிச்சையை இத்தனை நாள் செய்து பார்ப்போம், இன்ன குறிகள் தென்பட்டால் தேறுகிறார் என்று கொள்வோம், தென்படாவிட்டால் மறுபடி உட்கார்ந்து பேசுவோம் என்று முன்கூட்டியே நாள் குறித்துக்கொள்கிறார்கள். லாஸ் ஏஞ்சலீஸ் வட்டாரத்துப் பொது ஆஸ்பத்திரிகள் மூன்றில் இதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது, குடும்பத்தோடு முறையாகப் பேசுவது 60 சதவீதத்திலிருந்து 96 சதவீதமாக உயர்ந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் தங்கும் காலம் 8.7 நாளிலிருந்து 7.4 நாளாகக் குறைந்தது. ஆஸ்பத்திரியில் இறந்தவர்களின் விகிதம் முன்பு 58.4 சதவீதம், பின்பு 58.3. அதாவது, வெளிப்படையாகப் பேசியதால் யாரும் அதிகமாகச் சாகவில்லை.

செயற்கைச் சுவாசத்தை நிறுத்துவது என்று தீர்மானமான பின் அதைச் செய்யும் விதத்திலும் ஒரு சாஸ்திரம் இருக்கிறது. தசைகளைச் செயலற்றுப் போகச் செய்யும் மருந்து ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்தி, அதன் வேகம் அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே திணறுபவரின் முகம் சாந்தமாகவே தோன்றி எல்லோரையும் ஏமாற்றிவிடும். திணறல் வருமுன்பே மருந்து கொடுத்து, இயந்திரத்தின் உதவியைப் படிப்படியாகக் குறைத்து, டெட்ராய்ட்டைச் சேர்ந்த மார்கரெட் காம்பெல் வகுத்த அளவுகோலின்படி மூக்கு விடைப்பது, வயிறு எதிர்மாறாக ஏறி இறங்குவது, முகத்தில் அச்சம் படர்வது முதலிய எட்டுக் குறிகளைக் கவனித்தபடி மருந்தைக் கூட்ட வேண்டும். எச்சரிக்கை மணிகளை அணைத்துவிடுவார்கள். எத்தனை நேரத்தில் உயிர் பிரியும் என்று உறுதி சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. 1976-இல் நியூஜெர்சி உச்ச நீதிமன்றத்தின் புகழ்பெற்ற தீர்ப்புக்குப் பின் இயந்திரத்திலிருந்து விடுவிக்கப்பட்ட கரென் ஆன் க்வின்லன், தாமே சுவாசித்துக்கொண்டு 1985 வரை உயிரோடிருந்தார்.

கனடாவில் ஹாமில்டன் நகரத்துப் புனித ஜோசப் ஆஸ்பத்திரியில் டெபோரா குக் என்ற டாக்டர் 2013-இல் தொடங்கிய ஒரு திட்டத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பிழைக்க மாட்டார் என்று தெரிந்துவிட்ட நோயாளிக்காகக் குடும்பத்தாரும் செவிலியரும் குறைந்தது மூன்று விருப்பங்களைச் சொல்லலாம். ஆஸ்பத்திரி அவற்றை நிறைவேற்ற முயலும். முதல் நாற்பது நோயாளிகளுக்காகச் சொல்லப்பட்ட 163 விருப்பங்களில் 159 நிறைவேறின. ஒரு நோயாளிக்கு ஆன செலவு அதிகபட்சம் 200 டாலர். பலவற்றுக்குச் செலவே இல்லை. இதை விஞ்ஞானம் என்று சொல்லலாமா என்று சிலர் புருவத்தை உயர்த்தக் கூடும். இறப்பவரின் வாயில் ஒரு சொட்டுப் பால் விட வேண்டும் என்று தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் தயங்கி நின்று கேட்கும் நம் ஊர்ப் பெரியவர்களை அறிந்தவர்கள் உயர்த்த மாட்டார்கள்.

நம் தேசத்து நிலைமைக்கு வருவோம். இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் இறுதிக்காலப் பராமரிப்பைப் பற்றிய வழிகாட்டு நெறிகளை 2005-இலேயே வெளியிட்டது. ஆனால் இயந்திரத்தை நிறுத்தினால் சட்டம் என்ன செய்யுமோ என்ற அச்சத்தால், தீர்மானத்தை ஏட்டில் எழுதத் துணியாத டாக்டர்களும், நாள்தோறும் ஏறும் கட்டணத்தைத் தாங்க மாட்டாத குடும்பங்களும் சேர்ந்து ஒரு குறுக்கு வழியைக் கண்டுகொண்டார்கள். டாக்டரின் ஆலோசனைக்கு மாறாகவே அழைத்துப் போகிறோம் என்று உறவினர் கையெழுத்துப் போடுகிறார். நோயாளி ஆம்புலன்ஸில் ஏற்றப்படுகிறார். வழி நெடுக ஒருவர் பையை அமுக்கிக்கொண்டு வர, வீட்டுக் கூடத்தில் இறக்கிக் குழாயை எடுத்துவிடுகிறார்கள். சொந்த வீட்டில் உயிர் பிரிய வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்மையாகவே இருக்கிறது; அதைக் குறை சொல்ல எதுவுமில்லை. குறையெல்லாம், அந்தக் கையெழுத்தோடு வைத்தியமும் முடிந்துவிட்டதாக எல்லோரும் பாவிப்பதில்தான். குழாயை எடுத்த பிறகு வரும் திணறலுக்கு அந்த வீட்டில் ஒரு மருந்தும் இருப்பதில்லை.

சட்டத்தைப் பற்றிய அச்சத்துக்கு இப்போது முன்போல் ஆதாரமில்லை. கண்ணியத்தோடு இறப்பதும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு 2018 மார்ச் 9-இல் தீர்ப்பளித்தது. அப்போது விதித்த நடைமுறை நடக்க முடியாத அளவுக்குச் சிக்கலாக இருந்தபடியால் 2023 ஜனவரியில் அதை எளிதாக்கிற்று. முன்கூட்டியே எழுதி வைக்கும் விருப்ப ஆவணத்தில் மாஜிஸ்திரேட் கையொப்பமிட வேண்டியதில்லை, நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும். ஆஸ்பத்திரியின் மருத்துவக் குழுக்கள் இரண்டு, கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள், அபிப்பிராயம் சொல்ல வேண்டும். மார்பீன் கிடைப்பதைப் பெரிதும் கடினமாக்கியிருந்த 1985-ஆம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டமும் 2014-இல் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்கள் ஒரே அனுமதியின்மேல் அதை வைத்திருக்க வழி பிறந்தது. வீடு தேடிச் சென்று ஆதரவு சிகிச்சை செய்யும் ஏற்பாட்டுக்கு, 1993-இல் கோழிக்கோட்டில் ஆரம்பித்த சங்கமும் அதைப் பின்பற்றிக் கேரளமெங்கும் முளைத்த அமைப்புகளும் முன்மாதிரியாக இருக்கின்றன.

ஆகவே எஞ்சி நிற்பது ஆம்புலன்ஸ் புறப்படுமுன் செய்ய வேண்டிய சில சாதாரணக் காரியங்களே. தோலுக்கடியில் செருகிய மெல்லிய ஊசியின் வழியாக மார்பீன் கொடுப்பது எப்படி, திணறல் வந்தால் அடுத்த வேளையை எப்போது கொடுக்கலாம், வாயை எதைக் கொண்டு நனைப்பது, இரவில் யாரை அழைப்பது என்பவற்றை ஒரு குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுக்க நெடுநேரம் ஆகாது. சொல்லிக்கொடுக்க வேண்டியவர் தீவிர சிகிச்சை டாக்டரா, பணியிலிருக்கும் செவிலியரா, ஊரிலுள்ள ஆதரவு சிகிச்சைக் குழுவினரா என்பதுதான் நம்முடைய ஆஸ்பத்திரிகள் பலவற்றில் இன்னும் தீர்மானமாகவில்லை.